மலையூர் மகன்

பெட்டியின் தலைமாட்டில் அம்மா கலாவதி. அவள் பக்கத்தில் அவளுடைய அண்ணன் குமாரசாமி, நேற்று டெக்சாஸிலிருந்து வந்தவர். அடுத்து கயலின் கணவன் தீபக். முன்வரிசை நாற்காலிகளில் பர்வதம் ஆன்ட்டியும் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கூட்டமும். கடைசி வரிசையில், சுவரோரம், முகத்திலும் இரண்டு கைகளிலும் சாம்பல் நிறத்தில் எதையோ அப்பிக்கொண்டு யோனாஸ். பெட்டிக்குள் அப்பா திருமூர்த்தி.

கயல் ஒரு பிடி அரிசியுடன் குனிந்திருந்தாள். ஃபியூனரல் ஹோம்காரர்கள் அப்பாவின் உதடுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அரிசி வாய்க்குள் போகவில்லை. தாடையில் உருண்டு கோட்டுக் காலருக்குள் விழுந்தது.

"பரவால்ல, மேலயே போட்டுடும்மா," என்றார் மாமா. "அடுத்து அந்தப் பையனைக் கூப்பிடு."

யோனாஸ் வந்தான். அரிசியை அப்பாவின் மார்பில் வைத்துவிட்டு, தன் நெற்றியை அவர் நெற்றியோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தெளிவான பொள்ளாச்சித் தமிழில், "போயிட்டு வாங்கப்பா," என்றான்.

அதுவரை அடக்கமாக இருந்த கூடம் அழுதது. அம்மாவும் அழுதாள். கயல் தன் முறையில் "பை அப்பா" என்றிருந்தாள். அதற்கு யாரும் அழவில்லை.

பர்வதம் ஆன்ட்டி கயலின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ பக்தி பாரு. விபூதிய வாரி பூசிருக்கான். நம்ம பசங்கள ஒரு கீத்து வெச்சுக்கச் சொன்னா மொகம் எட்டு கோணலாப் போகுது."

"அது மண்ணு ஆன்ட்டி. எங்க பேக்யார்ட் மண்ணு. அவங்க ஊர்ல துக்கம்னா பூசிக்குவாங்க. அவன் கிறிஸ்டியன்."

ஆன்ட்டி கையை விட்டார். "மண்ணா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சாமிதான்," என்றார்.

பப்புவா மலைகளில் இருந்த யோனாஸின் ஊரைக் கயல் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் இன்னொரு ஆள் போல அது எப்போதும் இருந்தது. அப்பா தண்ணீர்க் கம்பெனியில் எஞ்சினியர். லீவெல்லாம் அங்கேதான் போனது. ரிட்டயர் ஆன பிறகு வருஷத்தில் பாதி அங்கே. அந்த ஊருக்கு ரோடு கிடையாது. சரிவான புல்வெளியில் குட்டி பிளேன் இறங்கும், அதுவும் காலையில் மேகம் மூடுவதற்குள். மூடிவிட்டால் நடைதான், நாள்கணக்காக. மூன்று வேளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குளிர் தாங்காமல் ஆண்களெல்லாம் ஒரே வட்டக் குடிசையில் நடுவில் நெருப்பு மூட்டிப் படுப்பார்கள். புகை கூரை வழியாகக் கசியும், பாதி நெஞ்சில் தங்கும். ஆஸ்பத்திரி என்று ஒரு தகரக் கட்டடம் உண்டு. நர்ஸ் கிடையாது. பிள்ளைகள் இருமியே சாகும். பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள், நெற்றியில் மாட்டிய வலைப்பையில் கைக்குழந்தையும் தொங்க. மேலே இருந்த ஊற்றிலிருந்து அப்பா குழாய் இறக்கினார். ஒவ்வொரு குழாயும் ஆள் தோளில் மலை ஏறி வந்தது.

இதெல்லாம் டின்னர் டேபிளில் கேட்டது. கயலின் கிராஜுவேஷனுக்கு அப்பா வரவில்லை. சாட்டிலைட் போனில் இரைச்சலுக்கு நடுவே, "மேகம் வெலகலடா கண்ணு," என்றார். ஒரு ஊரைப் பார்த்து, ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பட்டாள்.

அப்பாவின் பொள்ளாச்சித் தமிழைக் கேட்டே வளர்ந்த யோனாஸ் இப்போது ஓரிகனில் படிக்கிறான். சேதி கேட்டதும் கிடைத்த பிளேனில் வந்துவிட்டான்.

கிளம்பும்போது மாமா தொண்டையைச் செருமினார். "கிரிமடோரியத்துல பட்டன் யாரு அமுக்கறது?"

"நான்தான்," என்றாள் கயல்.

"நம்ம பக்கம் பொண்ணு கொள்ளி வெக்கற பழக்கமில்லயேம்மா. மாப்ள பண்ணட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. கயலே பண்ணட்டும்," என்றான் தீபக்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு யோனாஸை மகன்னுதான் சொல்லுவாரு. அவன் இருக்கறப்ப அவன் பண்றதுதான் சரி."

"அம்மா, நான் அவர் டாட்டர்."

"இல்லேங்கலடி. அவன் மாட்டேன்னா நீ பண்ணு. அவன்கிட்ட நான் கேட்டுட்டேன். சரின்னுட்டான்."

நீ முதலில் என்னையல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று கயல் சொல்லவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா தீபக்கின் காரில் ஏறினார். பின்சீட்டு முழுக்க மாலைகள். யோனாஸுக்குக் கயலின் கார்தான் மிச்சம்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. காய்ந்த மண் அவன் கையிலிருந்து உதிர்ந்து சீட்டில் விழுந்தது.

"ஏனுங்க்கா, இங்க வெறகு எங்கீங்க கெடைக்கும்?"

"ஃபார் வாட்?"

"அப்பாவுக்குத்தானுங்க."

"இது கேஸ் ஃபர்னஸ். வுட் அலவ் பண்ண மாட்டாங்க."

"சும்மா கையில வெச்சிருந்தாப் போதுமுங்க. எங்கூர்ல ஆரு செத்தாலும் எரிக்கறதுதானுங்க. வீட்டுக்கு வீடு வெறகு கொண்டாரோணும். கொண்டாராதவன் சொந்தமில்லீங்க." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "என்ற அப்பன் இருமி இருமிச் செத்த அன்னைக்கு ராத்திரி பூரா மழைங்க. வெறகெல்லாம் நனஞ்சு போச்சு. நம்ம அப்பா என்ன பண்ணாருன்னா, தான் படுக்கற பலகைய ஒடச்சுக் கொண்டாந்து மொத வெறகா வெச்சாருங்க. அதுக்குத்தான் இன்னைக்கு நான் வெக்கோணும்."

"எப்போ இது?"

"அக்கா பட்டம் வாங்குன வருஷமுங்க. அப்பா மூட்டையெல்லாம் கட்டி வெச்சிருந்தாரு."

கயல் முன்னால் போன டிரக்கைப் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"மேகம் இருந்துச்சுல்ல? பிளேன் வரலல்ல?"

"இல்லீங்க்கா. வெடியக்காலம் நல்ல வெயிலுங்க. பிளேன் வந்து நின்னுச்சு. பைலட் கத்திக் கத்திக் கூப்ட்டாருங்க." அவன் லேசாகச் சிரித்தான், நல்ல நாள் ஒன்றை நினைத்தவன் போல. "அப்பா ஏறலீங்க. பலகைய ஒடச்சிட்டிருந்தாரு."

எக்ஸிட் வந்தது. அவள் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினாள். பின்னால் யாரோ நீளமாக ஹார்ன் அடித்தார்கள்.

கிரிமடோரியம் தபால் ஆபீஸ் போல இருந்தது. பார்க்கிங் லாட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை மரங்கள். காரை விட்டு இறங்கியதும் யோனாஸ் அவற்றைப் பார்த்தான். "அக்கா, ஒரு நிமிஷமுங்க. நான் இல்லாம ஆரம்பிச்சறாதீங்க. காஞ்ச கொம்பு ஒண்ணு பாத்துட்டு ஓடியாந்தர்றேன்."

"சரி."

தமிழில்தான் சொன்னாள்.

உள்ளே மாமாவும் தீபக்கும் காத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் மூவரையும் நீண்ட நடைக்கூடம் வழியாக அழைத்துப் போனாள். வயதானவள், மெதுவாகப் பேசினாள். உள் அறையில் உலையின் இரும்பு வாய்க்கு முன்னால் உருளைகளின் மேல் பெட்டி இருந்தது. சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன், காலிங் பெல் அளவுக்கு. கயல் அதையே பார்த்தாள். தரை வழியாக ஏதோ ஒரு உறுமல் காலுக்கு ஏறியது.

மாமா திரும்பிப் பார்த்தார். "அந்தப் பையன் எங்கம்மா?"

"அவன் வரலயாம்."

"வரலயா? ஏன்?"

"அவங்க வழக்கத்துல இதெல்லாம் பாக்கக் கூடாதாம் மாமா. கார்ல சொன்னான். என்னையே பண்ணச் சொல்லிட்டான்."

மாமா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி," என்றார். "அவனே சொன்னா சரிதான்." தீபக் தன் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

வெள்ளைக்காரப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் யாராவது வர வேண்டுமா, ஆரம்பித்துவிட்டால் நடுவில் திறக்க முடியாது, அவசரமில்லை, காத்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ ஓடி வந்தார்கள்.

"நோ," என்றாள் கயல். "தி ஹோல் ஃபேமிலி இஸ் ஹியர்."

அந்தப் பெண் தலையசைத்துவிட்டுக் கயலின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.