மோத்ரியாவின் தம்பி

புரட்சி நடந்த காலத்தில், சுகோவிர் ஊரை யார் ஆள்கிறார்கள் என்பதை நகரமன்றக் கொடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொடியே இல்லாத நாட்கள்தான் மோசம். அப்படியொரு நாளில் குதிரைகளில் வந்த ஆயுதக் கூட்டம் ஒன்று எங்கள் தெருவுக்குள் புகுந்து, ரொட்டி சுடும் யூதன் லேய்சரை அவன் அடுப்புக்கு முன்னாலேயே வெட்டிப்போட்டது. அவன் மனைவி பெஸ்யாவைப் பக்கத்து வீட்டு மோத்ரியா இழுத்துவந்து, பன்றிக் கொட்டிலில் வைக்கோலுக்கடியில் மறைத்தாள்.

வெட்டியவர்களில் ஒருவன் மோத்ரியாவின் தம்பி ஒனுஃப்ரி. லேய்சரின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவள் பீட்ரூட் சூப்பை அவன் முன்னால் வைத்தாள். செம்படை வந்ததும் அவன் போலந்துப் பக்கம் ஓடிப்போனான்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஜெர்மானியர்களின் போலீஸ்காரனாகத் திரும்பிவந்தான். யூதர்களைக் களிமண் பள்ளத்துக்கு ஓட்டிச்சென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெஸ்யா மறுபடியும் மோத்ரியா வீட்டில், உருளைக்கிழங்கு போடும் நிலவறையில் இருந்தாள். மேலே பேசியது அவளுக்குக் கேட்டது.

"ரொட்டிக்காரி எங்க, அக்கா?"

"செத்துப்போனா."

"உனக்குப் பொய் வராது. தனியா இருக்கறவ எதுக்கு ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்க?"

"போயிடுடா. உன்னத் தூக்கி வளத்தவ சொல்றேன்."

"அதனாலதான் தனியா வந்தேன். ஜெர்மன்காரன் வந்தா உன்னையும் சேத்துல்ல தொங்கவிடுவான்."

நிலவறைக் கதவைத் தூக்க அவன் குனிந்தான். மோத்ரியா பன்றி வெட்டும் கோடரியை அவன் பிடரியில் இறக்கினாள். அவன் சாகவில்லை. திரும்பி, "அக்கா" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது நிற்கும்வரை வெட்டினாள்.

பெஸ்யா ஏறிவந்து பார்த்தாள். "ஐயோ, என்னடி பண்ணிட்ட?"

"கோட்டப் போட்டுக்க. கெளம்பு."

பட்டப்பகலில் ஆற்று நாணலுக்குள் இறங்கி ஓடினார்கள். பாலத்துக் காவலாளி சுட்டதில் மோத்ரியா கழுத்தில் குண்டு பாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். பெஸ்யா அவள் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டாள்.

செத்த போலீஸ்காரனுக்குப் பழிவாங்க ஜெர்மானியர்கள் எங்கள் தெருவில் கையில் அகப்பட்ட ஆண்களையெல்லாம் கம்பங்களில் தூக்கிலிட்டார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். என் கண்ணெதிரேதான் நடந்தது.

செம்படை மீண்டும் வந்தபோது பெஸ்யாவும் உயிரோடு வந்தாள். அரசு ரொட்டிக் கடையில் வேலை கொடுத்தார்கள். என் அம்மா சாகும்வரை அந்தக் கடைப் படியேறவில்லை. ரொட்டி வாங்க நான்தான் போவேன். பெஸ்யா நல்ல ரொட்டியாகப் பொறுக்கி எடுத்துத் தருவாள். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.