சிம்மாசனத்தின் உயரம்

மத்தியானம் சாப்பிட எழுந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, காலையிலிருந்து சொட்டு மருந்தைத் தொடவே இல்லை என்று. பாட்டில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் மூடி திறக்காமல் நின்றது. வழக்கமாக இந்நேரத்துக்குள் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். எழுத்துகள் மங்கும். கொத்தப் போகிற கோழி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு திரையருகே போவாள். சாயங்காலம் பிடரி கல்லாய்க் கிடக்கும்.

தொலைக்காட்சியில் பேசுவதைக் கேட்டு, படத்தின் அடியில் ஓடும் எழுத்தாக வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பது அவள் வேலை. இதுவரை பதிவான நிகழ்ச்சிகள்தான். நாளை நேரலைச் செய்திக்கான தேர்வு, இதே மேசையில். செய்தி முடிகிறவரை கையெடுக்கக் கூடாது. நடுவில் அண்ணாந்து சொட்டு விட நேரமேது? வருஷக்கணக்காக ஆசைப்பட்ட இடம். ஆனாலும், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஆகாது, வரவில்லை என்று சொல்லிவிடுவோமா என்று நேற்றுகூட நினைத்தாள்.

இன்றைக்கு என்ன மாறிப்போச்சு? நாற்காலி அதேதான், விளக்கும் அதேதான். திரையைப் பார்த்தாள். சிம்மாசனத்தைக் காணோம்.

சிம்மாசனம் என்பது மகள் வைத்த பெயர். கழுத்து வலிக்கிறது என்று அவள் முனகியதைக் கேட்டு, தச்சு வேலை செய்யும் கணவன் திரையைத் தூக்கி வைக்க ஒரு மரப்பீடம் இழைத்துக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன் அதைக் காட்டிவிடுவான். தேர்வன்று பளபளவென்று இருக்கட்டும் என்று இன்று காலை மெருகு பூசப் பட்டறைக்குத் தூக்கிப் போயிருந்தான். திரை வெறும் மேசையில் இறங்கி உட்கார்ந்திருந்தது.

சாப்பாடு மறந்துபோயிற்று. கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து, திரை முன்பு இருந்த உயரத்தில் பிடித்தாள். பேயறைந்தவள் மாதிரி ஒரு முகம். கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. கண்ணாடியை இறக்கினாள். இமைகளும் கூடவே இறங்கின. மறுபடி ஏற்றினாள், இறக்கினாள். அண்ணாந்து பார்த்ததில் கண் விரிந்து காய்ந்திருக்கிறது. காய்ந்து மங்கியதால்தான் கழுத்து நீண்டிருக்கிறது. கழுத்துக்கென்று வந்த பீடம், கண்ணைச் சுற்றிக்கொண்டு போய்க் கழுத்தையே பிடித்திருக்கிறது.

"யாரைம்மா கண்ணாடியில பயமுறுத்துற?" வாசலில் மகள்.

"உங்கப்பாவைத்தான். பீடம் ரொம்ப உசரம்னு சொல்லப் போறேன்."

"சிம்மாசனத்தையா? இரு, நான் பக்கத்து வீட்டுக்குப் போயிடறேன்."

சொன்னபடியே போய்விட்டாள்.

அவன் பீடத்தைப் பச்சைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு வந்தான். "தொட்டுடாத, இன்னும் காயல."

அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டவும் செய்தாள். அவன் முகம் சுருங்கியது. மெருகின் ஓரத்தில் விரலை வைத்தான், விரல் ஒட்டிக்கொண்டது.

"அப்ப இத்தனை நாளும் நான்தான் உன் கண்ணைக் காய வெச்சிருக்கேன்."

"நீங்க கழுத்தைப் பார்த்தீங்க. நானும் கழுத்தைத்தான் பார்த்தேன். மேல ரெண்டு கண்ணு இருக்கறது யாருக்கு ஞாபகம் வந்துச்சு?"

"இப்ப கழுத்து எப்படி இருக்கு?"

அவள் தொட்டுப் பார்த்தாள். பழைய வலி, பீடம் வருமுன் குனிந்தே இருந்த நாட்களின் வலி, லேசாக எட்டிப் பார்த்தது. "அது திரும்பி வருது," என்றாள்.

அவனுக்கு உயிர் வந்துவிட்டது. "அப்போ ஒரேயடியா இறக்கக் கூடாது. நடுவுல ஒரு இடம் இருக்கும். உட்காரு."

திரையை நகர்த்தி வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, அது இருந்த இடத்தில் தன் முகத்தை வைத்தான்.

"என்னையே பாரு. முழிக்காத."

"நான் முழிக்கல. நீங்க மேல இருக்கீங்க. இறங்குங்க."

இறங்கினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"கழுத்து?"

"வலிக்கல. இருங்க, அங்கேயே இருங்க."

காதில் செருகிய பென்சிலை எடுத்தான், ஆனால் இன்னும் குறிக்கவில்லை. பீடத்தை அறுக்க எடுத்துவைத்த ரம்பம் தரையில் கிடந்தது. மெருகு வாசனை அறையெல்லாம் நிறைந்திருந்தது. அவள் இமைகள் பாதி இறங்கி, மெல்ல மூடித் திறந்தன. தன் மோவாய் நின்ற உயரம் தவறிவிடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அவன் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.