மீதியெல்லாம் கடல்

அன்று முன் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நானும் இருந்தேன், நானும் பார்த்தேன் என்று பிற்பாடு கிளம்பியவர்கள் அந்த அறைக்குள் அடங்கமாட்டார்கள். சுவரோரம் போட்ட உயரமான நாற்காலியில் துறைமுக அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, கையுறையைக் கழற்றாமல். பெற்றோர் என்ற முறையில் மருந்துக்கடைக்காரரும் தையற்காரர் மனைவியும். பெஞ்சுகளில் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். ஜன்னலோரம், கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த தம்பி, அரை நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். நடுவில், உலக உருண்டைக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தை நடத்திவந்த அவருடைய அக்கா. ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்று சொல்லும். உள்கதவின் நிலையைப் பிடித்தபடி தம்பியின் மனைவி, சின்ன டீச்சர். அவர் அறைக்குள் இல்லை, நிலைக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தது.

பள்ளிக்கூடம் அப்பா தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்குப் பூகோளம் எதற்கு என்று பெரிய மனிதர்களே கேட்ட காலத்தில், தன் வீட்டு முன் அறையைக் காலி செய்து பெஞ்சு போட்டவர் அவர். வாசற்பலகையில் அவர் பெயர்தான் இருந்தது. அவருக்குப் பிறகு பெரிய டீச்சர் அந்தப் பலகைக்கு வருஷா வருஷம் வர்ணம் அடித்தாரே தவிர, எழுத்தை மாற்றவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்தவர்.

அந்த நகரத்தில் தனியார் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. தெருவுக்குத் தெரு யாராவது ஒரு விதவையோ, வேலை போன குமாஸ்தாவோ பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் உலக உருண்டை வைத்திருந்தது இந்த வீடு ஒன்றுதான். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு கப்பல் தலைவர் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தேக்குக் காலில், பித்தளை வளையத்துக்குள், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. "உருண்டை இருக்கிற பள்ளிக்கூடம்" என்று சொன்னால் வண்டிக்காரன் வேறு விலாசம் கேட்கமாட்டான்.

அந்த உருண்டைக்குள் ஒரு சங்கடம் இருந்தது. அப்பா படுக்கையில் கிடந்த மழைக்காலத்தில் அது ஈரச் சுவரோடு ஒண்டிக் கிடந்துவிட்டது. சுவரைப் பார்த்த பாதியைப் பூச்சி வழித்துத் தின்றிருந்தது. நாடும் இல்லை, கடலும் இல்லை, உள்ளே இருந்த காகிதக்கூழ்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பெரிய டீச்சர் நல்ல பாதியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்து, மறு பாதிக்குத் தன் கையாலேயே ஒரு வெல்வெட்டு உறை தைத்து மாட்டிவிட்டார். உருண்டையைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.

பாடம் இப்படி நடக்கும். பெரிய டீச்சர் கோலால் ஒவ்வொரு தேசமாகத் தொடுவார். பிள்ளைகள் பெயர் சொல்வார்கள். கோல் உறையின் ஓரத்துக்கு வந்ததும் நிற்கும். "மீதி?" என்பார். "மீதியெல்லாம் கடல்" என்று அறை அதிரும். அமெரிக்கா என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. பெண் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை என்பது அவருடைய கட்சி. நாளாக ஆக, அவருக்கே அந்தப் பக்கம் எது எங்கே இருந்தது என்பது மங்கிப்போயிற்று.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் ஏற்கெனவே ஒரு தேயிலை வியாபாரி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். சும்மா இருக்க மாட்டாள் என்பது வந்த வாரமே தெரிந்தது. பெரிய டீச்சர் பெருந்தன்மையாகச் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

"மந்தமான பிள்ளைங்கள மட்டும் சாயங்காலம் வெச்சுக்கோ. பின் சந்து வழியா வரட்டும், முன் வாசல்ல கூட்டம் வேண்டாம்."

"சரிக்கா."

அந்தச் 'சரிக்கா'வில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் தொந்தரவு. குறை சொல்ல இடம் வைக்காத மனுஷியோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது லேசான காரியமில்லை.

முதலில் மந்தங்கள் வந்தன. பிறகு மந்தமில்லாததுகளும் வந்தன. சாயங்காலம் பெரிய டீச்சர் முன் அறையில் சிலேட்டுகளை அடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். தன் அறையில் பிள்ளைகள் ஒருநாளும் சிரித்ததில்லை என்பது அதுவரை அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதே விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காலையில் ஒரு பிள்ளை நல்ல பதில் சொன்னால் மனம் குளிர்வதற்குப் பதிலாக, இது நான் சொல்லிக் கொடுத்ததா, அவள் சொல்லிக் கொடுத்ததா என்று வயிறு எரிந்தது. உள்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். சிரிப்புக்குத் தாழ்ப்பாள் தெரியுமா?

ஒருநாள், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண் பாடத்தின் நடுவில் எழுந்தாள்.

"டீச்சர், மீதி கடல் இல்லையாம். பூசணிக்காய்ல பார்த்தோம்."

"எதுல?"

"பூசணிக்காய்ல, டீச்சர். சின்ன டீச்சர் கரியால வரைஞ்சாங்க. அப்புறம் சமையலுக்கு வேணும்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அன்று மத்தியானம் சாப்பாட்டில் பூசணிக்காய் இருந்தது. தம்பி ரசித்துச் சாப்பிட்டார்.

"அக்கா, இப்ப நாம சாப்பிடுறது எந்தக் கண்டம்னு தெரியுமா?"

பெரிய டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு சமையலறைக்குப் போனார்.

"ஏம்மா, வீட்ல உருண்டை இல்லையா? காய்கறியில பாடம் நடத்துற."

சின்னவள் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது உங்களோடதுக்கா. அதுல கை வைக்கக் கூடாதுன்னு உங்க தம்பி சொல்லியிருக்காரு."

"அந்தப் பக்கம் பார்த்தியா நீ?"

"ஒட்டடை அடிக்கும்போது உறை நழுவிச்சு. மாட்டி வெச்சுட்டேன்."

அவ்வளவுதான். புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை என்பது தம்பி அடித்த கேலியிலேயே தெரிந்தது. தெரிந்திருந்தால் அவர் வாய் சும்மா இருந்திருக்காது. சொல்லியிருந்தால் சண்டை போடலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் உறையை மாட்டி வைத்தவளை என்ன செய்வது? திட்டவும் வழியில்லை, நன்றி சொல்ல நாக்கும் வரவில்லை.

இந்த நிலையில்தான் வருஷப் பரீட்சை வந்தது. பெற்றோர் முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்டுக் காட்டுவது எல்லாத் தனியார் பள்ளிக்கூடங்களிலும் வழக்கம். இந்தத் தடவை துறைமுக அதிகாரி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். அந்தப் பெண்கள் எந்த டீச்சரிடம் போகிறார்களோ, அங்கேதான் நகரத்துக் குதிரை வண்டிகள் எல்லாம் போய் நிற்கும். வீட்டிலும் வெளியிலும் யார் டீச்சர் என்பது அன்றோடு முடிவாகிவிடும். பெரிய டீச்சர் இரண்டு ஏற்பாடு செய்தார். சாயங்கால வகுப்புப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். சின்னவளை உள்கதவைத் தாண்ட வேண்டாம் என்றார்.

பரீட்சை நன்றாகத்தான் போயிற்று. வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், எழுத்துக் காட்டினார்கள். கோல் உருண்டைமேல் ஓடியது, பெயர்கள் தடங்கலின்றி வந்தன. மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. என் தம்பி ரயில் பாதை போடத் தென் அமெரிக்கா போயிருக்கான். அது எங்கேன்னு யாராவது காட்டுங்க பார்ப்போம்."

முதல் பெஞ்சில் ஒரு பெண், சொல்லிக் கொடுத்ததைத் தவறாமல் சொல்லும் நல்ல பெண், எழுந்து, "அங்க கடல்தாங்க" என்றாள்.

"கடலா? அப்ப இத்தனை மாசமா அவன் நீந்திக்கிட்டா இருக்கான்?"

தையற்காரர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெரிய டீச்சரைச் சுட்டது அந்தச் சிரிப்பு அல்ல. பெஞ்சில் இருந்த அத்தனை பிள்ளைகளின் கண்ணும், முதல் பெஞ்சு உட்பட, ஒரே சமயத்தில் உள்கதவுப் பக்கம் போயிற்று. தன் பள்ளிக்கூடத்தில், தன் உருண்டைக்கு முன்னால், பதில் தேடி அவளைப் பார்த்தார்கள்.

அதிகாரி உறையின்மேல் கை வைத்தார். பெரிய டீச்சர் அதற்கு முன்பே உருண்டையை அழுத்திப் பிடித்திருந்தார்.

"அது சுத்தாதுங்க," என்றது உள்கதவுப் பக்கத்துக் குரல். "அச்சு இறுகிப்போயிருக்கு. எண்ணெய் போட ஆள் வரச் சொல்லியிருக்கு."

சுத்தமான பொய். அதிகாரி நம்பிக் கையை எடுத்துக்கொண்டார். மானம் தப்பிவிட்டது. பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த பாடத்தைத் தொடங்கியிருக்கலாம்.

அவர் திரும்பிப் பார்த்தார். சின்னவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை, பதைப்புதான் இருந்தது. அது இன்னும் மோசம். இனி ஆயுள் முழுக்க இவள் போட்ட பிச்சையில் நான் டீச்சராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள், சிரிப்பை எடுத்துக்கொண்டாள், இப்போது என் அப்பா மானத்தைக் காப்பாற்றிய பெயரையும் எடுத்துக்கொள்வாளா?

உறையை உருவினார். உருண்டையைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் சுற்றி, அரித்த பாதியைக் காட்டி நின்றது.

"அச்சுல ஒண்ணும் கோளாறு இல்ல. இது பூச்சி தின்னது. மறைச்சு வெச்சது நான். மீதி கடல்னு சொல்லிக் குடுத்ததும் நான். எங்க அப்பா இருந்தவரைக்கும் இங்க முழு உலகமும் நடந்துச்சு. பலகையில இருக்கிற பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரியின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார், உள்கதவைப் பார்த்து: "அப்ப நீங்க காட்டுங்களேன்."

சின்னவள் அசையவில்லை. பெரிய டீச்சர் முகத்தையே பார்த்தாள்.

"வா உள்ளே. கூப்பிடுறாங்கல்ல."

அவள் வந்து அந்த வெறும் காகிதக்கூழின்மேல் விரலை வைக்க வைக்க, கடைசி பெஞ்சிலிருந்து பெயர்கள் வந்தன. அதிகாரியின் தம்பி நீரிலிருந்து எழுந்து கரைக்கு வந்து சேர்ந்தார். பெரிய டீச்சர் முதுகை வளைக்காமல் நின்று கேட்டார்.

புறப்படும்போது அதிகாரி மரியாதையாக அவரிடமே சொன்னார். "பொண்ணுங்கள சாயங்காலத்துல அனுப்புறோம், டீச்சர்."

சாயங்காலம் என்றால் பின் அறை. அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

"அனுப்புங்க. ஆனா முன் வாசல் வழியா வரணும். இந்த வீட்டுப் பிள்ளைங்க யாரும் இனிமே சந்து வழியா வரமாட்டாங்க."

அதிலிருந்து குதிரை வண்டிகள் வாசலில் நின்றன. வந்த ஒவ்வொரு பிள்ளையும் பெரிய டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் உள்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தையலோடு உட்கார்ந்திருப்பார். தாழ்ப்பாள் போடுவதில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஊசி விரலில் ஏறியது. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அந்த நாட்களில் பின் அறையில் பூகோளப் பாடம் மட்டும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்க நடந்தது. உள்ளே இருந்த பிள்ளைகள் யாரும் காது கேளாதவர்கள் அல்ல.

மழைக்காலம் முடிவதற்குள் உருண்டையின் மறு பாதியில் காகிதம் ஒட்டி, தேசங்கள் வர்ணத்தில் எழுந்துவிட்டன. தென் அமெரிக்கா மட்டும் இடுப்பில் சற்றுப் பருத்து, பூசணிக்காய்ச் சாயலில் இருக்கும். உறை அலமாரிக்குப் போயிற்று. காலைப் பாடத்தில் கோல் இப்போது முழுவதும் சுற்றி வருகிறது.

அந்தப் பாதியைச் சின்ன டீச்சர் வரைந்து கொடுத்தார் என்று நகரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. வரைந்தவர் பெரிய டீச்சர். சின்னவர் அந்தத் தூரிகையைத் தொட்டதே இல்லை.