சந்தனம் பூசிய இரும்பு

நவராத்திரியின் எட்டாம் நாள் காலை, குகதாசனின் லேத் பட்டடைக்குள் இறைச்சி வாடை அடித்தது. மேசை மேல் சிலிசிலிப் பொலித்தீன் பை ஒன்று இரத்தம் கசியக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த சுகிர்தன் கதிரையில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

"மரைமான், அண்ணை. நல்ல பதமான இறைச்சி. வயித்துக்குள்ள குட்டியும் கிடந்தது. அதை வேற ஒருத்தன் ஆசைப்பட்டுக் கொண்டுபோட்டான்."

குகதாசன் பையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நவராத்திரிக்கு வீட்டில மச்சம் மாமிசம் இல்லையெண்டு உனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஐஸ்பெட்டிக்குள்ள வையுங்கோ. பூசை முடியச் சமைக்கலாம். செத்த மரை எங்க ஓடப்போகுது?" என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

மேசையின் மறுமுனையில் அவனுக்காகச் செய்த மெசின் நின்றது. ஒரு முழ உயரத்தில் இரும்புச் சட்டம். பக்கத்தில் நீண்ட கைபிடி. கைபிடியை அமத்தினால் நடுத்தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டு மாதத்துக்கு முன் வந்தபோது சுகிர்தன் சொன்ன கதை வேறு. கண்டாவளையில் வயலைப் பன்றி உழுகிறதாம், பெர்மிற் துவக்கு இருக்கிறதாம், வெடிதான் தட்டுப்பாடாம், சுட்ட தோட்டாக் கோதுகளைத் திரும்ப நிரப்ப ஒரு மெசின் இருந்தால் போதுமாம். அதுவும் சட்டத்துக்குள் அடங்கும் வேலையில்லை என்று குகதாசனுக்குத் தெரியும். பன்றிதானே என்று மனதைச் சமாளித்து ஒப்புக்கொண்டிருந்தார்.

சுகிர்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்துக் கவிழ்த்தான். இன்னும் இரண்டு விதமான கோதுகள் உருண்டன. பித்தளை, ஒன்று குட்டை, மற்றது நீளம். "இதுகளுக்கும் அச்சு மாத்திப் பூட்டுற மாதிரிச் செய்யுங்கோ. மூண்டு அளவையும் சரிபாத்துத் தந்தால் சரி."

குகதாசன் அவற்றைத் தொடவில்லை. வன்னியில் முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அந்த அளவுகளைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவை சண்டைக்காலத் துவக்குகளிலிருந்து விழுகிறவை என்று எல்லாருக்கும் தெரியும்.

"இது பன்றிக்கோ?"

"பன்றிக்கும்தான்."

"சுகிர்தன், இது எனக்கு வேண்டாம்."

சுகிர்தன் காலாட்டுவதை நிறுத்தினான். குரல் உயரவில்லை. "அண்ணை, அண்டைக்கு அக்காவைத் தோளில தூக்கேக்க, இது எனக்கு வேண்டாம் எண்டு நான் சொன்னனானோ?"

 கடைசிச் சண்டையில் அவருடைய மனைவி இராசமலரின் தொடை பிளந்து கிடந்தபோது, முன்பின் தெரியாத பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சளவு களப்புத் தண்ணீரைக் கடந்தான். இந்தச் சுகிர்தன்தான் அவன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் அவன் ஒரு தேத்தண்ணிகூடக் கேட்டதில்லை. குகதாசன் சாமிக்கு விளக்கேற்றும்போதெல்லாம் தன் பிள்ளைகளின் பெயர்களோடு அவன் பெயரையும் சொல்லி வந்தார். இப்போது அதே தோளை அவன் மேசையில் கொண்டுவந்து வைக்கிறான், அந்த இறைச்சிப் பையைப் போல.

"நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இறைச்சிப் பையைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து குகதாசன் வேலையைத் தொடங்கினார். பின்னேரம்வரை கடைந்தார். ஒவ்வொரு அச்சாகப் பூட்டி, கழற்றி, அராவி, திரும்பவும் பூட்டினார். கடைசி அச்சு தன் இடத்தில் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தபோது, அவரை அறியாமலே ஒரு சந்தோசம் வந்தது. இருபத்தெட்டு வருடக் கைப்பழக்கத்தின் சந்தோசம். எவ்வளவு சுத்தமான வேலை என்று நினைத்தார். நினைத்த மறுகணம் கையை அச்சிலிருந்து எடுத்தார். எதற்காகக் கடைகிறோம் என்று இந்தக் கை கேட்கவே இல்லையே என்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன் இருந்தபோது விரலில் இன்னமும் பித்தளை மணத்தது. கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"என்ன அப்பிடி அவசர வேலை?" என்று இராசமலர் கேட்டாள்.

"ஒரு அழுத்து மெசின்" என்றார். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மறுநாள் ஆயுதபூசை. அன்றைக்குப் பட்டடையில் எந்த ஆயுதமும் அசையக்கூடாது. கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிட்டால், மறுநாள் விஜயதசமியில் கும்பிட்டு எடுக்கும்வரை அவற்றுக்கு ஓய்வு. குகதாசனின் தகப்பன் காலத்திலிருந்து அந்த வழக்கம் ஒரு வருடமும் தவறியதில்லை. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த வருடத்திலும் மிஞ்சிய ஒரேயொரு சுத்தியலுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

அவர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வரும்போது இராசமலர் எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சாக்கால் மூடி மூலையில் வைத்திருந்த மெசின் முன்வரிசையில், படத்துக்கு நேர் கீழே இருந்தது. சட்டத்தில் மூன்று குறி சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு. கைபிடியில் செவ்வரத்தம் பூ. மூன்று அச்சுகளையும் வெற்றிலையில் வைத்து அவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தாள்.

"ஏன் இதை ஒளிச்சு வச்சனீங்கள்?" இராசமலரின் முகம் மலர்ந்திருந்தது. "பேச்சியம்மா அக்காவுக்குத்தானே? இடியப்பத்துக்கு ஒண்டு, முறுக்குக்கு ஒண்டு, மற்றது என்னத்துக்கெண்டுதான் விளங்கேல்லை. நான் அவாவையும் வரச் சொல்லிப்போட்டன்."

பேச்சியம்மா இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்தில் மலையகத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். உரலைத் திருகித் திருகி மணிக்கட்டு வீங்கிப்போய், ஒரு கையால் அமத்திப் பிழிகிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்று தைப்பொங்கலோடு கேட்டிருந்தாள். குகதாசன் ஓம், செய்து தாறன் என்றிருந்தார். செய்யவில்லை.

இப்போது அவள் மெசினுக்கு முன் நின்று, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீங்கிய கையை அப்படியே விட்டுவிட்டு மற்றக் கையால் கைபிடியை மெல்ல அமத்தினாள்.

"யம்மாடி, வெண்ணெ மாதிரி எறங்குதுங்களே! ஐயா, நீங்க மறந்திட்டீங்கன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். சாமி என்னை மன்னிக்கணும்."

 குகதாசனுக்கு அவளுடைய கையை அதிலிருந்து பறித்துவிட வேண்டும் போலிருந்தது. அவர் வாய் திறக்குமுன் வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

சுகிர்தன் உள்ளே வந்தான். பொட்டும் பூவும் கண்டு வாய்விட்டுச் சிரித்தான். "அட, என்ர மெசினுக்குப் பூசையும் நடந்திட்டுதோ? அம்மாளாச்சியே பாத்துக்கொண்டால் இனி ஒரு வெடியும் பிசகாது!"

"என்ன வெடி?" என்றாள் இராசமலர்.

அவன் குனிந்து, நேற்றுப் போட்டுவிட்டுப் போன நீளக் கோது ஒன்றை மேசையிலிருந்து எடுத்து, வெற்றிலையிலிருந்த ஓர் அச்சுக்குள் செருகிக் காட்டினான். அது இறுகப் பொருந்தியது. "இதுதான் அக்கா. அண்ணையின்ர கையெண்டால் கைதான்."

 பேச்சியம்மா கைபிடியை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று இராசமலர் புருசனைக் கேட்டாள்.

"ஓம்" என்றார் குகதாசன். "தெரிஞ்சுதான் செய்தனான்."

"சும்மா பெரிசுபடுத்தாதேங்கோ. வேணுமெண்டால் பிறகு இதையே உரலாக்கி இந்த அம்மாவுக்குக் குடுங்கோவன்" என்றான் சுகிர்தன்.

பேச்சியம்மா குழாயடியிலிருந்தே சொன்னாள்: "அதுல புழிஞ்சு நான் யாரு வீட்டுப் புள்ளைக்குங்க திங்கக் குடுப்பேன்?"

சுகிர்தனின் முகம் சிறுத்தது. மெசினைத் தூக்கக் கையை நீட்டினான். "நான் தூக்கின தோளை எல்லாரும் மறந்திட்டியள்போல."

"தம்பி," என்றாள் இராசமலர். "நீ என்னைத் தூக்கினதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். எனக்கு அது கோயில் மாதிரி. அதைக் கொண்டுவந்து இந்த இரும்புக்குள்ள போட்டு அமத்தாதை."

குகதாசன் அவனுக்கு முன் வந்து மெசினில் கை வைத்தார். நாளைவரைக்கும் பூசையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம், சொல்லவும் வாயெடுத்தார். ஆனால் அது இன்னொரு அரைப் பொய்யாய் இருக்கும். நாளைக்கு அவன் திரும்பவும் வருவான். அவர் வரிசையிலிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்தார். அதன் தலையிலும் சந்தனம் இருந்தது.

"ஐயோ, இண்டைக்கு ஆயுதம் எடுக்கக்கூடாது" என்று இராசமலரின் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"தெரியும். குற்றமெண்டால் என்னோட கிடக்கட்டும்."

அவள் ஒரு கணம் படத்தைப் பார்த்தாள். பிறகு குந்தியிருந்து, மெசினில் தான் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் சேலைத் தலைப்பால் ஒரு துளியும் மிஞ்சாமல் துடைத்தாள். பூவை எடுத்தாள். எடுத்துவிட்டுச் சட்டத்தின் மறுமுனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டுங்கோ."

நெருப்புப் பொறி பறந்தது. சட்டம் இரண்டானது. மூன்று அச்சுகளையும் குகதாசன் ஒவ்வொன்றாகப் பிளந்தார். தான் செய்த சுத்தமான வேலை அது. பிளக்கும்போது கை வலிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையை அவருக்கு இன்னமும் பிடிக்கவில்லை.

"கிளிநொச்சியில நீங்கள் ஒராள்தான் லேத்துக்காரனோ?" என்று சுகிர்தன் கத்தினான்.

"இல்லை. வேற ஆள் கிடைப்பான். நானில்லை."

சுகிர்தன் காறித் துப்பிவிட்டு வெளியே போனான். இராசமலர் படத்தடியிலிருந்து அவலும் கடலையும் அள்ளி வாழையிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். தொடைக் காயம் ஆறியும் அந்தக் கால் மடங்குவதில்லை. றோட்டோரப் படலைக்குப் போய்ச்சேர அவளுக்கு நேரம் எடுக்கும். மோட்டார்சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தது.

குகதாசன் வாசலில் நின்று பார்த்தார். அவள் ஒவ்வொரு அடியாக இழுத்து இழுத்துப் போனாள். சுகிர்தன் திரும்பிப் பார்க்கவில்லை. கைபிடியைப் பிடித்தபடி றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போயிருக்கலாம். போகவில்லை. அவள் வந்து சேரும்வரைக்கும் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றான்.