தெருவின் முதுகு

மணிக்கூண்டுக்குக் கீழே வேலைத் தேர்வுக்காகப் பதினோரு பேர் காத்திருந்தார்கள். வண்டியக்காதான் கடைசி ஆள்; அவளுக்கு முன்னால் கழுத்தில் டை கட்டிய ஒருவன் நின்றான். நாத்தனாரிடம் இரவல் வாங்கிய செருப்பு அவள் காலுக்கு ஒரு விரல் பெரிது. ஈரக் கல்தரையில் வழுக்கிவிடாமல் கால்விரல்களைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைமேலிருந்து இறங்கிய பனிமூட்டம் பழைய தெருவின் பாதியை மூடியிருந்தது.

"வங்கிக் கட்டடம் எப்ப கட்டுனது?" புருஷன் நகர அலுவலகத்து விளக்கச் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டான். ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவன். இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"எட்டு வருஷம் எடுத்துச்சு. முடிச்சது... தபாலாபீசுக்கு முன்னாடி."

"வருஷத்தக் கேட்டா கத சொல்றே."

"ரெண்டுக்கும் ஒரே தூணு, ஒரே ஜன்னலு. ரெட்டப் புள்ளைங்க மாதிரி இருந்தா நான் என்னங்க பண்றது?"

"அப்படியே அவங்ககிட்டச் சொல்லு. தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இருபத்தியோரு வருடமாக ஐந்து ஹோட்டல்களின் துணிவண்டியைத் தள்ளுகிறாள். வெளுத்த விரிப்புகள் மேட்டில் ஏறும், அழுக்குத் துண்டுகள் இறங்கும். காலை ஒன்பது மணிக்குமேல் வண்டியோ, வேலை உடுப்போடு ஆளோ முன்தெருவில் தென்படக்கூடாது; சுற்றுலா வந்தவர்களின் கண்ணுக்கு அது அழகில்லையாம். கட்டடங்களுக்குப் பின்னால் ஓடும் சந்துதான் அவள் வழி. போன மாதம் வலது முட்டி வீங்கியபோது டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: "இன்னொரு சீசன் வண்டி தள்ளினா, அப்புறம் தடி ஊன்றித்தான் நடக்கணும்." அந்த வாரமே அறிவிப்பு வந்தது. பழைய தெருவைச் சுற்றிக்காட்ட ஒரு ஆள் வேண்டும். படிப்பு தேவையில்லை, பத்து வருடம் ஊரில் இருந்தால் போதும்.

"அடுத்தது வாங்க."

தேர்வு செய்ய வந்தவர்கள் மூன்று பேர். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா, ஒரு கட்டடப் பொறியாளர், ஹோட்டல் சங்கத்துக்காரர். வண்டியக்கா நாலடி நடந்து கையை நீட்டினாள்.

"இது நம்ம ஊர்ப் பழைய வங்கி..."

"அது தபாலாபீஸ்," என்றார் சங்கத்துக்காரர். "இந்தத் தெருவுலதானம்மா வேலை பாக்குறீங்க?"

"இங்கதான் சார். ஆனா இதோட முதுகுதான் எனக்குப் பழக்கம். மூஞ்சியப் பாக்க நீங்க விட்டதே இல்ல."

பொறியாளர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியக்கா ஒரு நொடி யோசித்தாள்.

"பின்னாடி வர்றீங்களா? அங்க எனக்குத் தப்பு வராது."

பதிலுக்கு நிற்கவில்லை. வங்கிக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒருக்களித்து நுழைந்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

சந்தில் அவள் குரலே மாறிவிட்டது. முன்பக்கத்துக் கல்லெல்லாம் இழைத்த கல், பின்பக்கம் உளி போட்டபடியே நிற்கிற கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குறி: மீன், பிறை, ஏணி. "கூலி வாங்குறதுக்காக ஒவ்வொரு கல்தச்சனும் அவனவன் குறியப் போட்டு வெச்சான். இந்தப் பிறைக்காரன் கைதான் சந்து முழுக்க. தபாலாபீசு முதுகுலயும் அவன்தான். ஏணிக்காரன் பாருங்க, எல்லாத்தையும் கோணலா வெச்சிருக்கான். இருந்தும் விழல, கெட்டிக்காரன்!" கோவேறு கழுதை கட்டிய இரும்பு வளையத்தைக் காட்டினாள். ரொட்டிக்கடையின் பின்சுவரில் பொறியாளரின் உள்ளங்கையைப் பிடித்து வைத்தாள். "சூடு தெரியுதா? பனிக்காலத்துல நாங்க எல்லாரும் இங்கதான் குளிர் காய்வோம். வாங்க, வாங்க, காசு கேக்க மாட்டேன்."

அதிகாரியம்மா விடாமல் எழுதிக்கொண்டே வந்தாள். பக்கம் புரட்டிப் புரட்டி எழுதினாள். அரை மணி நேரம் என்றது ஒரு மணி நேரம் ஆயிற்று. முட்டி வலித்ததை வண்டியக்கா அன்று சாயங்காலம்தான் கவனித்தாள்.

"எப்படிப் பண்ணுனே?" என்றான் புருஷன்.

"கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பாக்க வெச்சேன்."

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. குறித்துக் கொடுத்த பாதையில் அழைத்துச் செல்லாததால் தேர்வு செய்ய இயலவில்லை. புருஷன் கடிதத்தைக் கசக்கப் போனான். அவள் பிடுங்கி நீவி விட்டாள்.

"நான் சொன்னதுல எதாச்சும் தப்புன்னு போட்டிருக்கா?"

"அப்படி ஒண்ணும் போடல."

"அப்ப சரி."

மறுநாள் முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சீசன் தொடங்கியதும் சந்தின் வாயில் ஒரு பலகை ஏறியது: 'பின்சந்து உலா. தினம் பத்து மணி. கல்தச்சர் குறிகள், கழுதை வளையம், சூடான சுவர்.' அன்று விரிப்பு மூட்டைகளோடு அவள் மேட்டில் பாதி ஏறியிருந்தபோது மேலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. முன்னால், மணிக்கூண்டடியில் அவளுக்கு முன்னால் நின்றிருந்த டைக்காரன். கையில் தட்டச்சு செய்த தாள்.

"அக்கா, கொஞ்சம் ஓரம். குழு வருது."

ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை. வண்டியைச் சுவரோடு ஒட்டினாள். பிரேக் கிடையாது; ஆள்தான் பிரேக். வண்டி உருண்டுவிடாமல் திரும்பி நின்று அதற்கு முதுகைக் கொடுத்தாள்.

"இந்தச் சாக்கடை ஏன் இங்க மட்டும் வளைஞ்சு போகுது?" என்று குழுவில் ஒரு பெண் கேட்டாள்.

டைக்காரன் தாளைத் திருப்பினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"அங்க ஒரு பொம்பள அடுப்பு வெச்சிருந்தா," என்று வண்டிக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து வண்டியக்காவின் குரல் வந்தது. "கல்லுடைக்கிறவங்களுக்குச் சோறு போட்டவ. எடத்தக் காலி பண்ண மாட்டேன்னுட்டா. தச்சனுங்க அவ பக்கம் நின்னாங்க. அதான் வாய்க்கா சுத்திக்கிட்டுப் போகுது."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"இவங்க யாரு?"

"லாண்டரி," என்றான் டைக்காரன். "வாங்க, நேரமாச்சு."

வண்டிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே ஒற்றை ஆள் போகிற இடம்தான் இருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்தார்கள். ஒருவர் நின்று, கேமராவை உயர்த்தி, அசையாதீங்க என்று சைகை காட்டினார். வண்டியக்காவின் வலது முட்டி நடுங்கியது. இடது காலைக் கல் இடுக்கில் ஊன்றி, இருநூறு விரிப்புகளின் பாரத்தை முதுகில் தாங்கிக்கொண்டு, முகவாயை நிமிர்த்தி, அசையாமல் நின்றாள். இன்னும் பதினாறு பேர் வரவேண்டியிருந்தது.