மெஷினுக்கு மட்டும் போட்ட பாலிசி

சுபத்ரா கேரியரில் இட்லியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பிரிட்டோவுக்குக் காரம் ஆகாது என்று சட்னியில் மிளகாயைக் குறைத்திருந்தாள். பின்னாலேயே வந்து நின்றான் அவள் கணவன் சம்பந்தம். சிங்கப்பெருமாள் கோவிலில், பிரிட்டோவோடு சேர்த்து எட்டுப் பேர் வேலை செய்யும், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பட்டறை அவனுடையது.

"சுபா, பிரிட்டோ பொண்டாட்டிகிட்ட நீயே பக்குவமா பேசிடு. பைக்ல போறப்போ விழுந்துட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லட்டும். ஆஸ்பத்திரி செலவு மொத்தம் நான் பாத்துக்கறேன்."

"நம்ம மெஷின் நசுக்கினத பைக்னு சொல்லணுமா?"

"கேஸாயிடும்மா. நஷ்டஈடு நம்ம தலையில விழும். பசங்களுக்கு இன்சூரன்ஸ் எதுவும் போடலியே. பத்துப் பேருக்குக் கம்மியா இருந்தா ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லன்னு விட்டுட்டேன். அதோட, ஒருத்தனுக்கு அடிபடும்னு முன்கூட்டியே நெனச்சு பாலிசி போடறது அபசகுனம் இல்லியா?"

எவ்வளவு கோபம் இருந்தாலும், வெளியே கிளம்பும்போது அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுவாள் சுபத்ரா. இன்று அவள் கை எழவில்லை.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே சம்பந்தம் தயங்கி நின்றுவிட்டான். அவள் மட்டும் வார்டுக்குள் போனாள். பிரிட்டோவின் வலது கையில் பெரிய கட்டு. இரண்டு விரல்கள் போய்விட்டன. பக்கத்தில் அவன் மனைவி ஏஞ்சல். எப்படி ஆரம்பிப்பது என்று சுபத்ரா தடுமாறும்போதே பிரிட்டோ சிரித்தான்.

"அண்ணன் வரலியாக்கா? பயந்துக்க வேணாம்னு சொல்லுங்க. பைக்ல வுழுந்துட்டேன்னு டாக்டராண்ட சொல்லிட்டேன். அவருக்கு எதுக்கு பேஜாரு?"

ஏஞ்சலுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு வெரல மட்டும் பாத்து நசுக்குற பைக்கு எந்தக் கடையில விக்கிதுன்னு இவரக் கேளுக்கா! அந்த மெஷினுக்கு இன்சூரன்ஸ் கீது. ஆயுத பூஜைக்கு மாலையும் கீது. அதுல கைய வுட்டு வேல செய்யற மனுசனுக்கு இன்னா கீது? அண்ணன் நல்லவருதான். அவருக்கே ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாராண்ட போவோம்?"

சுபத்ரா நிமிர்ந்தாள். வார்டு வாசலில் சம்பந்தம் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அவள் எழுந்து அவனருகில் போனாள்.

"டாக்டர்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. பைக்னு எழுதிட்டா இவங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேராது. பொத்தேரி மனைய வித்தாவது குடுத்துடலாம்."

"அது நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சது சுபா."

"தெரியும். வாங்கினப்போ நானும் கூடத்தான இருந்தேன்."

சம்பந்தம் கட்டிலருகே போய் பிரிட்டோவின் தோளில் கை வைத்தான்.

"பைக்கு கிய்க்குன்னு உளறாதடா. மெஷின்தான். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"அண்ணா, உங்களுக்கு..."

"பேசாம இருடா. மத்த ஏழு பேருக்கும் இன்னிக்கே பாலிசி போடறேன். நடந்து முடிஞ்சதுக்கு எந்தக் கம்பெனியும் குடுக்காது. ஒனக்கு நான்தான் குடுத்தாகணும்." அவன் ஏஞ்சல் பக்கம் திரும்பினான். "பட்டறையில ஒரே ஆள் இருந்தாலும் பொறுப்பு மொதலாளிக்குத்தான் ஏஞ்சல். வேலைக்குச் சேத்த அன்னிக்கே இன்சூரன்ஸ் போட்டிருக்கணும். நல்ல மனசு மட்டும் இருந்தா, அடிபட்டவன் வூட்ல அடுப்பு எரியாது."