ஆறு கறுப்புக் கோடுகள்

பழ ஈயின் புழுவைக் கீறி, உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் குரோமோசோம்கள் நாடா நாடாவாய் விரியும். அந்த ஆய்வுக்கூடத்தில் அதை அவளைப்போல் நேர்த்தியாய்ச் செய்ய ஆளில்லை. மதியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவும் ஆளில்லை.

தேடும் மரபணுவில் போய் ஒட்டும் சாயத்தை அவற்றின்மேல் விட்டால், மரபணு இருக்கும் இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். போன வருடம் புழுத்தோலின் புரதங்களுக்கான மரபணுக்களைத் தேடினாள். அவை ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததால், ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் தெரிந்தது. இம்முறை தசைப் புரதம். கோடுகள் ஆறு. ஒன்று பளிச்சென்று, மற்றவை மங்கலாக, ஆளுக்கொரு மூலையில். அழுக்கு என்று நினைத்தாள். சரியாக ஒட்டாத சாயம் போகட்டும் என்று அடுத்த தகட்டைச் சூட்டைக் கூட்டிக் கழுவினாள். ஒன்றுதான் மிஞ்சியது. அதைப் படமெடுத்துப் பேராசிரியையிடம் கொடுத்தும்விட்டாள். வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் அதை வைத்துத்தான் அவள் வேலை நீடிக்குமா என்பது முடிவாகும்.

புதன்கிழமை, சூட்டில் கழுவாத பழைய தகடுகளைத் தூக்கிப்போட எடுத்தவள் சும்மா எண்ணிப் பார்த்தாள். பதினொரு தகடுகள். எல்லாவற்றிலும் அதே ஆறு இடங்கள். அழுக்கு அப்படி இடம் பார்த்து உட்காருமா?

அந்நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான்.

"என்னடி ஈக்காரி, உயிரோட இருக்கியா? அக்கா வீட்டு விசேஷ போட்டோல நீ மட்டும் இல்ல."

"வேலைண்ணா."

"ஈக்குக்கூட லீவு கெடையாதா?"

"அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டேன்..."

"இரு, இன்னொரு கால் வருது. அப்புறம் பேசறேன்."

தகட்டுப் பெட்டியோடு பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், நான் குடுத்த படம் தப்பு. மீதி அஞ்சை நான்தான் கழுவிட்டேன்."

பேராசிரியை நுண்ணோக்கியில் குனிந்து, தகடு தகடாக மாற்றிப் பார்த்தார்.

"ஒன்னுதான்னு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். அதுங்க ஆறும் ஒரே குடும்பம்மா. தோல் மரபணு மாதிரி ஒட்டிக்கிட்டு இல்ல, அவ்வளவுதான்."

"என் வேலை?"

"பதினொன்னையும் படம் எடு. வெள்ளிக்கிழமை நானே பேசறேன். இனிமே சந்தேகம் வந்தா கழுவாத, கேளு."

யாரைக் கேட்பது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

எல்லாரும் கிளம்பிய பின்பும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தகட்டில் நிறுத்தி அண்ணனை அழைத்தாள். அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மங்கலான ஐந்தாவது கோட்டைக் குவியத்துக்குக் கொண்டுவந்தாள்.

"இருக்கு," என்றாள், யாரோ கேட்டதுபோல.